வலை போர்த்திய லயம்

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கண் செருகிக்கொண்டிருந்த நேரத்தில் குணா கூப்பிட்டான். ஈப்போவில் கூரை வேலை எடுக்கும் கம்பெனியில் என் கையின் கீழ் சேர்ந்தவன். இப்போது அவனே ஒரு கும்பலை மேய்க்கிறான்.

"அண்ணே, ஒரு சுசா லா, பெரிய தொல்லை. ஒரு சீன வீடு, கூரை முழுக்க ஆடுது. காத்துக் காலம் வேற வருது. ஸ்க்ரூ எறக்கலாம்னு மிஷினோட போனா வீட்டுக்காரம்மா வாசல்லயே மறிக்குது. மருமக முழுகாம இருக்காம். ஒரு ஓட்டை போடக் கூடாதாம். தோட்டத்துல இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு சொல்லியிருக்கீங்கல்ல? அப்ப என்னா செஞ்சீங்க?"

"வலை போட்டோம்."

"என்னாது?"

"மீன் வலை."

கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பான். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கூரை மட்டுமா வருகிறது, அதன் மேலிருந்த வானமும் சேர்ந்தே வருகிறது.

நான் இருந்த தோட்டம் சித்தியவானிலிருந்து லூமுட்டுக்குப் போகிற வழியில், சடக்கு என்று நாங்கள் சொல்லும் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. முக்கால்வாசி ரப்பர், கடல் பக்கமாகக் கொஞ்சம் தென்னை. எழுபதுகளின் நடுப்பகுதி. அப்பாவும் அம்மாவும் பால்வெட்டு. என் கையிலும் வெட்டுக் கத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நான் ஒரு மரத்தை வெட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிற வழியில், இலைக்கு நடுவே தெரியும் வானத்தைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். மற்றவர்கள் வாளி நிறையப் பாலோடு ஸ்டோருக்குப் போகும்போது நான் பாதி நிரையில் நிற்பேன். "இவன் மரம் வெட்ட ஆகமாட்டான், மரம் ஏறத்தான் ஆவான்" என்று கங்காணி கை கழுவினார். அப்படித்தான் கட்டட வேலைக் கும்பலுக்கு வந்து சேர்ந்தேன். தார் காய்ச்சினேன், ஏணி பிடித்தேன், கீழே சிந்தும் ஆணிகளைப் பொறுக்கினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

கும்பலுக்குத் தலைவர் சவரிமுத்து மண்டோர். எந்த வெயிலிலும் கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்ட சட்டை. பேச்சு கம்மி. வாய்க்குள் எப்போதும் கோயில் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு நின்றால் யாரோ ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம். கொய்யாக் கட்டைப் பிடி போட்ட சுத்தியல் ஒன்று அவர் இடுப்பிலேயே தொங்கும். சாப்பிடும்போதும் அதைக் கழற்றமாட்டார். அவர் மனைவி, "எனக்கு முன்னாடி அதத்தான் கட்டிக்கிட்டாரு" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

மேலே ஏற்றிவிட்ட முதல் வாரத்திலேயே நான் முகட்டில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் தலைகளுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் தகட்டைப் போலக் கடல். பங்கோர் தீவு நீலமாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல மிதந்தது. வேலை மறந்தே போயிற்று.

"டேய் மாணிக்கம்" என்று பக்கத்தில் மண்டோரின் குரல் கேட்டது. "மேகம் பாக்குறதுக்கா ஒனக்குச் சம்பளம்?"

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மேகம் எங்கே, மேகத்தைக் கூப்பிடு, மேகம் பசியாறிட்டானா என்றெல்லாம் கேட்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இன்றும் இல்லை.

எங்கள் பக்கம் கூரையைத் தூக்குவது சுமத்ரா காற்று. நீரிணைக்கு அந்தப் பக்கம் கிளம்பி, பெரும்பாலும் விடியற்காலையில் கடலைத் தாண்டி வரும். முதலில் மேற்கே ஒரு கறுப்புப் பட்டை. பிறகு பறவைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் போகும். பிறகு சட்டென்று குளிரும். அதன் பிறகு நம் கையில் ஒன்றும் இல்லை. ஈப்போவுக்கு அது வந்து சேர்வதற்குள் மலைகளில் முட்டிக் களைத்துப்போயிருக்கும். கடலோரத் தோட்டக்காரர்களுக்குத்தான் முழுப் பலத்தோடு கிடைக்கும். ஆகவே பங்குனி பிறந்ததும் நாங்கள் லயம் லயமாகக் கூரை பார்க்கக் கிளம்பிவிடுவோம். லயம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பத்து வீடுகள் வரிசையாக, ஒரே முகடு, ஒரே நீளக் கூரை. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும்.

மண்டோர் கூரை பார்க்கிற முறை கீழேயிருந்துதான் தொடங்கும். வீட்டுக்காரர்கள் சட்டி பானைகளை மூடி வைத்துவிட்டு வெளியே போக வேண்டும். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, நடு வீட்டில் நாங்கள் மல்லாந்து படுப்போம். கண் இருட்டுக்குப் பழகியதும் தகரத்திலுள்ள ஒவ்வொரு ஓட்டையும் ஒளியாகத் தெரியும். பட்டப்பகலில் நட்சத்திரம். எனக்கு வேலையில் மிகப் பிடித்த நேரம் அதுதான். நான் பார்த்துக்கொண்டே கிடக்க, அவர் என் காலைத் தட்டுவார். எழுந்து, நீள மூங்கில் நுனியில் ஈர்க்குச்சியைச் செருகி ஒவ்வொரு ஓட்டையிலும் ஏற்றிவிட வேண்டும். மேலே போய்ப் பார்த்தால் கூரையில் புல் முளைத்ததுபோல ஈர்க்குச்சிகள் நிற்கும். ஒவ்வொன்றையும் பிடுங்கிவிட்டு, கொதிக்கும் தாரில் தோய்த்த சாக்குத் துண்டை ஒட்ட வேண்டும்.

பிறகுதான் ஆணி. நடக்கும்போது ஆணி வரிசை மேல்தான் கால் வைக்க வேண்டும். அடியில் சட்டம் இருப்பது அங்கேதான். மண்டோர் காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல உள்ளங்கையை ஆணித் தலைமேல் வைத்துக்கொண்டே போவார். ஆடுகிற ஆணி கைக்குத் தெரியும். அதைப் பிடுங்கி, பழைய ஓட்டையைத் தாரால் அடைத்து, புது ஆணியை விரல் அகலம் தள்ளி அடிக்க வேண்டும். தகரத்தின் மேட்டில்தான் அடிக்கலாம். பள்ளத்தில் அடித்தால் மழை முழுதும் அந்த வழியாக வீட்டுக்குள் வரும். குடைத் தலை ஆணிக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போடுவோம். மேற்குப் பக்க விளிம்பில் மட்டும் ஒரு மேடு விடாமல் எல்லா மேட்டிலும் ஆணி. ஏன் என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"காத்து கூரைய மேலேருந்து அமுக்காதுடா. கீழ பூந்து தூக்கும். திருடன் மாதிரி ஓரத்துலதான் வெரல விட்டுப் பாப்பான்."

எல்லாம் முடிந்ததும் மண்டோர் முகட்டில் உட்கார்ந்து, சுத்தியலால் முகட்டுத் தகட்டை மூன்று தடவை தட்டுவார். டங், டங், டங். மேலே இனி வேலை இல்லை, துரு கொட்டாது, ஆணி விழாது, உள்ளே போய் அடுப்புப் பற்றவைக்கலாம் என்று பெண்களுக்கு அதுதான் சேதி. வெளியே குந்தியிருப்பவர்கள் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். எத்தனையோ வருஷப் பழக்கம். கை தானாகவே தட்டும்.

இப்போது ஆணி அடிக்காத லயத்துக்கு வருகிறேன்.

கடல் பக்கத்து லயம் அது. காற்று முதலில் மோதுவது அங்கேதான். நடுவிலிருந்த வீட்டில் ஆறுமுகம், அவன் மனைவி பாக்கியம், அவன் தாய் வீரம்மா. நாங்கள் ஏணியைச் சாய்த்தபோது வீரம்மா ஓடி வந்து ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஏறாதீங்க மண்டோரே. என் மருமவ மாசமா இருக்கா. இந்தக் கூரையில ஒரு ஆணி எறங்கக் கூடாது."

இது நம் ஆட்களிடம் மட்டும் உள்ள வழக்கமில்லை. மலாய்க்காரர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் உண்டு. ஆனால் பாக்கியத்தின் சங்கதி வேறு. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு போயிருந்தது. இரண்டுமே வயிற்றில் அசைவு காட்டாமலே போனவை. ஆறுமுகம் எங்களைத் தென்னை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னான்.

"அஞ்சு மாசம் ஆவுது மண்டோரே. இன்னும் அசைவு தெரியல. ராவும் பகலும் வயித்துல கைய வச்சிக்கிட்டு மல்லாந்து கெடக்குது. வெளிய சொல்லாதீங்க. ஆணி மட்டும் வேணாம், ஒங்கள கும்புட்டுக் கேக்குறேன்."

"ஒன் வீட்ட விட்டுட்டு மத்த வீட்டுக்கு அடிக்கிறோம்" என்றார் மண்டோர்.

"ஒரே முகடுதான மண்டோரே. ஒரு மூலையில அடிச்சா இந்த மூலைக்கு அதுருதே."

அதுதான் சிக்கல். ஒரு வீட்டுக்காக ஒன்பது வீட்டுக் கூரையைக் காற்றுக்குத் திறந்துவிடுவதா? மற்ற வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா? பாலை எடை போட்டுவிட்டு எல்லாரும் திரும்பியதும் மண்டோர் அவர்களைக் கூட்டிக் கேட்டார். கடைசி வீட்டுக் காளியப்பனுக்கும் வீரம்மாவுக்கும் கோழி விவகாரத்தில் பேச்சுவார்த்தையே கிடையாது. அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"தகரம் போனா வேற தகரம் போட்டுக்கலாம். நம்ம லயத்துல யாரும் சுத்தியலத் தொட வேணாம்."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. பெண்கள் உலக்கையைக்கூட எடுத்துக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போய் இடித்தார்கள்.

மண்டோர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். இதிலெல்லாம் தனக்கு நம்பிக்கை இல்லை என்று வழியெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் வாய்க்குள் பாட்டு நின்றுபோயிருந்தது. நம்புகிறாரோ இல்லையோ, அந்தக் கூரை ஆடுவது அவருக்குத் தெரியும். விளிம்பு ஆணிகளில் பாதி துருவாகப் போயிருந்தது. ஒரு நல்ல சுமத்ரா வந்தால் கர்ப்பிணி தலைக்கு மேலே வானம்தான்.

வழி கிடைத்தது லூமுட்டில். தார் டின் வாங்கப் போயிருந்தோம். மண்டோர் கடையில் நிற்க, நான் வழக்கம்போல படகுத்துறைப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போய்விட்டேன். கருவாடு காயப்போடும் கொட்டகை ஒன்று, ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை. அதன்மேல் கிழிந்த இழுவலையை விரித்து, வலையின் ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கடற்காற்று அத்தாப்பைத் தூக்குகிறது, வலை விடமாட்டேன் என்கிறது. கூரை மெல்ல ஏறுவதும் இறங்குவதுமாக, தூங்குகிறவன் மார்பைப் போல இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தேடி வந்த மண்டோர் திட்டத்தான் வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை. அவரும் பார்த்துக்கொண்டு நின்றார்.

வலைக்காரத் தௌக்கேயிடம், அந்தச் சீன முதலாளியிடம், விஷயத்தைச் சொன்னோம். மனிதர் பெண்பிள்ளைகளின் தகப்பன். கடைசிவரை கேட்கக்கூட இல்லை. ஆட்களை விட்டுப் பழைய வலைகளை எங்கள் லோரியில் ஏற்றச் சொல்லிவிட்டார். பிள்ளை பிறந்ததும் சேதி மட்டும் சொல்லியனுப்பச் சொன்னார்.

வலை விரிப்பது ஆணி அடிப்பதைவிட நுணுக்கமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. முதலில் தகரத்தின்மேல் குறுக்காகப் பழைய சாக்குகளைப் போட்டோம். கயிறு தகர விளிம்பில் அறுந்துவிடக் கூடாது. அதன்மேல் வலை. வலையின்மேல் வீட்டுக்கு ஒன்றாக மணிலாக் கயிறு, முகட்டைத் தாண்டி இரண்டு பக்கமும். கயிற்றின் முனையை எதில் கட்டுவது? முளை அடிக்கலாம் என்றால் அதுவும் அடிதான். குழி வெட்டித் தென்னங்கட்டையைப் படுக்கவைத்துப் புதைத்து, அதில் கட்டலாம் என்றார் மண்டோர்.

"வீரம்மாக்கா, மண்ண வெட்டலாமா?"

வீரம்மா யோசித்தார். "காவாய்க்கு அந்தாண்ட வெட்டிக்குங்க."

"முடிச்சுப் போடலாமா?"

"அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல."

"மேல நடக்கலாமா?"

"பூனை நடக்கலயா? நடங்க."

குழி வெட்டினது, கட்டை சுமந்தது, கயிறு இழுத்தது எல்லாம் லயத்து ஆட்கள்தான். காளியப்பன் தன் கோழிக் கூட்டையே பிரித்துக் கட்டை கொடுத்தான். கயிற்றை முறுக்க நடுவில் ஒரு கழியைச் செருகித் திருக வேண்டும். தகரம் முனகும் வரை திருகி, ஒரு சுற்று தளர்த்திவிடுவார் மண்டோர். "மூச்சு விட எடம் குடுக்கணும்" என்பார். வலைக் கண்களில் காய்ந்து ஒட்டியிருந்த செதில்கள் வெயிலில் மினுங்கின. தோட்டத்துப் பூனைகள் அத்தனையும் கூரைமேல் ஏறிவிட்டன. லயம் முழுக்க ஒரே கவிச்சி. அந்த வழியாக வந்த தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்னய்யா, லயத்தக் கடலுக்குக் கொண்டுபோறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேலை முடிந்தது. பாக்கியம் மட்டும் உள்ளே படுத்திருந்தாள்; ஆணி இல்லாததால் அவளை எழுப்பவில்லை. மற்ற பெண்கள் பானைகளை மூடிவிட்டு வெளியே குந்தியிருந்தார்கள். மண்டோர் முகட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். நல்ல வேலை செய்த திருப்தியில் பாட்டுகூடத் திரும்பி வந்துவிட்டது. இடுப்பிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

நான் பார்த்தேன். தடுக்கக் கை நீட்டுவதற்குள்,

டங். டங். டங்.

பாக்கியத்தின் வீட்டுக்கு நேர் மேலே.

கீழே குந்தியிருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். வீரம்மாவின் கை வாயில் இருந்தது. உள்ளேயிருந்து பாக்கியம் வெளியே வந்தாள். ஒரு கை வயிற்றில், முகம் வெளுத்துப்போயிருந்தது. முகட்டை அண்ணாந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

மண்டோர் இறங்கி வந்தார். யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. வீரம்மா மட்டும், "போவுது விடுங்க. ஆணி ஒண்ணும் எறங்கலயே" என்றார். அந்தக் குரலைக் கேட்டதற்கு ஏசியிருந்தாலே தேவலை. மண்டோர் சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"நீ வச்சிரு."

அதன் பிறகு அவர் சுத்தியலைத் தொடவில்லை. மற்ற லயங்களில் மேலே வருவார், ஆணித் தலைகளைத் தொட்டுக் காட்டுவார், அடிப்பது நான். முடிந்ததும் முகட்டில் தட்டுவதும் இல்லை. கீழே இறங்கி வந்து, "போங்கம்மா, அடுப்பப் பத்தவைங்க" என்று வீடு வீடாகச் சொல்லுவார். இந்த வழக்கத்திலெல்லாம் நம்பிக்கை இல்லாத மனிதர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். யாருக்கென்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வேலை விட்டுப் போகும்போது கடல் பக்கத்து லயத்தைச் சுற்றிக்கொண்டு போவார். கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம். ஒருநாள் தார் காய்ச்சிக்கொண்டிருந்தபோது தானாகவே பேசினார்.

"ஆணி அடிச்சா புள்ளைக்குக் காது அடச்சிப் பொறக்கும்னு சொல்றாங்களே. தட்டுனா?"

"தட்டுறது வேற மண்டோரே."

"எனக்குப் புரியுது. அந்தப் புள்ளைக்குப் புரியணுமே."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதுவரை எனக்கு அவரிடம் பயம்தான் இருந்தது. பிரியம் வந்தது அன்றைக்குத்தான்.

காற்று வந்தது சித்திரை முடிவில். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடித்திருந்தார்கள், கிழக்கே வெளுத்துவிட்டது. மேற்கே மட்டும் விடியவில்லை. குளிர் தட்டியதும் மண்டோர் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். நாங்கள் லயத்துக்குள் நுழையவும் காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. பாக்கியத்தை நடு வீட்டில் உட்காரவைத்து, லயத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் மேலே பார்த்தேன். தகரங்கள் விளிம்பில் தூக்கிக்கொண்டு எழுந்தன, ஒரு சாண் வெளிச்சம் உள்ளே வந்தது, வலை இறுகியது, தகரங்கள் மெல்லப் படிந்தன. மறுபடி எழுந்தன, மறுபடி படிந்தன. பத்து வீட்டுக் கூரையும் ஒன்றாக மூச்சு விட்டது. சத்தம் என்னவோ காதைப் பிளந்தது. ஆனால் எனக்கு அந்த இடத்தில் பயம் வரவில்லை. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து அலைகளை அண்ணாந்து பார்ப்பதுபோல ஒரு மயக்கம். பாக்கியமும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டே, லேசாகச் சிரித்தாள் என்றுகூட எனக்குத் தோன்றியது. மண்டோர் கதவோரம் நனைந்தபடி நின்றார். அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

காற்று ஓய்ந்து வெளியே வந்தபோது, காளியப்பன் வீட்டுத் தகரம் ஒன்று கழன்று, வலையில் சிக்கிய மீனாகக் கிடந்தது. வேறு சேதம் இல்லை.

ஆவணியில் சித்தியவான் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. மண்டோர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"போயி காதப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் ஒரு பொட்டலம். "ரெண்டு காதும் இருக்கு மண்டோரே" என்றேன்.

"ஓட்டை?"

"தொப்பி போட்டிருந்தாங்க, சரியாப் பாக்கல."

"ஒன்ன அனுப்பினேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். "மேகத்தப் பாத்துட்டு வந்திருப்ப."

பிள்ளைக்கு முப்பதாம் நாள் கும்பிட்டதும் ஆறுமுகம் வந்து கூப்பிட்டான். தீட்டுக் கழிந்தது, இனி ஆணி அடிக்கலாம், மண்டோர்தான் வந்து அடிக்க வேண்டும். மண்டோர் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். ஆறுமுகம் விடவில்லை. வலையைச் சுருட்டி இறக்கிவிட்டு, நாங்கள் மேலே ஏறினோம். நான் சுத்தியலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீயே அடி."

நாள் முழுக்க நானும் மற்றவர்களும்தான் அடித்தோம். அவர் ஒவ்வொரு ஆணித் தலையையும் தொட்டுக்கொண்டே வந்தார். விளிம்பு முடிந்தது, நடு முடிந்தது, முகட்டுத் தகடும் முடிந்தது. மண்டோர் ஏணியை நோக்கித் திரும்பினார்.

"தட்டலயா மண்டோரே?"

கீழேயிருந்து பாக்கியம். பிள்ளை தோளில் கிடந்தது. வாசலில் நின்று முகட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குப் போலவே.

"வேணாம்மா. நீ உள்ள போயி அடுப்பப் பத்தவை."

"நீங்க தட்டாம பத்தவைக்க மாட்டேன்."

"புள்ளைய வச்சிக்கிட்டு எதுக்கும்மா…"

"மண்டோரே, ஒண்ணு சொல்லணும்." அவள் மாமியார் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்; சொல்லிவிடுவது என்று முடிவு செய்தவள்போலத் தலையை நிமிர்த்தினாள். "அன்னிக்கி நீங்க தட்டுனீங்கல்ல, அப்பத்தான் இவ மொதத் தடவையா அசஞ்சா. மூணாவது தட்டுக்குத் திடுக்குன்னு ஒரு ஒத. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சி. ஓடியாந்தேன் ஒங்ககிட்ட சொல்லத்தான்."

லயமே நின்று கேட்டது. வீரம்மா மருமகளைப் பார்த்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா அப்பவே சொல்லல?" மண்டோரின் குரல் எனக்கே கேட்கவில்லை, அவளுக்கு எப்படிக் கேட்டதோ.

"எப்பிடிச் சொல்றது? எனக்காகப் பத்து வீடும் ஆணி அடிக்காம, மீன் நாத்தத்துல கெடக்குறாங்க. சுத்தியல் சத்தத்துலதான் புள்ள முழிச்சிச்சின்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்வேன்? வெக்கமா இருந்திச்சி மண்டோரே. நீங்க இப்பிடி உள்ளுக்குள்ள வச்சிக்கிட்டு இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. போன வாரந்தான் ஒங்க வீட்டு அக்கா மெழுகுவத்தி சங்கதி சொன்னாங்க."

மண்டோர் கையை நீட்டினார். நான் சுத்தியலை அந்தக் கையில் வைத்தேன். முகட்டில் உட்கார்ந்து, சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டு, தட்டினார்.

டங். டங். டங்.

பிள்ளை வீரிட்டு அழுதது. கீழே எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். காளியப்பன்கூட வீரம்மாவைப் பார்த்துச் சிரித்தான். பெண்கள் உள்ளே போனார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து அடுப்புப் புகையும் தகரத்துக்கு அடியிலிருந்து கசிந்து எங்களைச் சுற்றி மேலே போயிற்று. நான் தார் வாளியை எடுத்துக்கொண்டு ஏணிப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். மண்டோர் அசையவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, மடியில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"எறங்கலயா மண்டோரே?"

"நீ போடா" என்றார், திரும்பாமலே. "நான் கொஞ்சம் மேகம் பாத்துட்டு வாரேன்."